பொறுக்கக் கூடாத வலி

எங்கள் தூத்துக்குடிக் கரையில் வலியை வெளியே சொல்லாதவருக்குத்தான் மரியாதை. கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் சங்கு எடுக்க இன்றும் திரேஸ்புரத்திலிருந்து ஆட்கள் கடலில் இறங்குகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களில் பெண்கள் விடியும் முன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். இவர்களில் யாரிடம் போய், “கால் வலிக்கா?” என்று கேட்டாலும், “அது கெடக்கு” என்ற பதில்தான் வரும். நானும் அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவள்தான். உழைப்பில் வரும் வலிக்கு அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். ஒரே ஒரு வலிக்கு அது ஆகாது. அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாட்டு வழக்கில் முடக்குவாதம், மருத்துவமனையில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். 2006-லிருந்து இந்த நோய் என் இரண்டு முழங்கால்களிலும் குடியிருக்கிறது. இன்றும் கடைக்குப் போகிறேன், மாடிப்படி ஏறுகிறேன், ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறேன். அதே வருடம் எங்கள் தெருவில் படுத்த இன்னொருத்தி, என்னைவிட வயதில் இளையவள், கால் நீட்ட முடியாமல் கட்டிலோடு இருக்கிறாள். இருவருக்கும் வந்தது ஒரே நோய்தான். எனக்கு மருத்துவம் தொடங்கியது முதல் சில மாதங்களில். அவளுக்கு இரண்டு வருடம் கழித்து.

2006-ஐ எங்கள் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவிய ஆண்டு. 1964-ல் சென்னையைப் படுத்திவிட்டுப் போன காய்ச்சல், நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய கதை. குழாயில் வரும் நாளில் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அந்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடும். தெருத் தெருவாக ஆட்கள் குனிந்து நடந்தார்கள். காய்ச்சல் சில நாளில் விட்டது, மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. அதனால் அந்தச் சமயத்தில் முட்டு வீங்கிய எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே மாத்திரை. பெரும்பாலோருக்கு அது சரியாகவும் இருந்தது. மெல்ல எழுந்து நடந்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் காய்ச்சலே வரவில்லை. கை விரல்கள் முதலில் விறைத்தன. மோதிரம் கழற்ற முடியாமல் இறுகியது. பிறகு இரண்டு முழங்கால்களும் ஒன்றாக வீங்கின. என்னைப் பார்த்த மருத்துவர் வயதில் சிறியவர், என் மாணவிகளில் ஒருத்தியாக இருக்கக்கூடிய வயது. ஸ்கேன் எடுக்கச் சொல்லும் முன் அவர் கேட்ட கேள்வி இதுதான்: “அம்மா, காலையில எழுந்ததும் கை கால் வழங்க எவ்வளவு நேரம் ஆகுது?” பத்து மணி வகுப்பில்கூடச் சாக்பீஸைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை என்றேன். பிறகு என் விரல்களின் அடி முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்தினார். உயிர் போய் உயிர் வந்தது. “இது தேய்மானம் இல்லம்மா” என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

அந்த ஒரு கேள்வியை நான் இந்த ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முட்டு வலி என்றால் நம் ஊரில் உடனே சொல்வது, “வயசாச்சுல்லா, தேஞ்சிருக்கும்” என்பதுதான். தேய்மானமும் உண்டு, அதுதான் அதிகமும்கூட. ஆனால் தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும், சாயங்காலம்தான் அதிகமாக இருக்கும். காலையில் கொஞ்சம் பிடிக்கும், அரை மணி நேரத்திற்குள் விட்டுவிடும். முடக்குவாதம் இதற்கு நேர் எதிர். ஓய்வில்தான் விறைக்கும். விடியற்காலையில்தான் மோசமாக இருக்கும். அந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும், நடமாட நடமாடத் தளரும். வீக்கம் எலும்புபோல் கெட்டியாக இருக்காது, மெத்தென்று சூடாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். கூடவே காரணமில்லாத அசதி, லேசான காய்ச்சல், பசிக்குறைவு, எடை குறைதல். இது வயதின் நோயும் அல்ல. முப்பதிலிருந்து அறுபதுக்குள் அதிகம் வரும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் ஆணுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு, மூன்று. தூத்துக்குடி மாதிரி ஒரு நகரத்தில் அது ஆயிரக்கணக்கான வீடுகள்.

உப்பளத்துப் பெண்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்கள் வேலை தொடங்கும் நேரமும் இந்த நோய் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்று. கால் வழங்காத அந்த நேரத்தில் இருட்டில் எழுந்து, வேன் பிடித்துப் போய், உப்பு நீரில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கால் தளர்ந்துவிடும். மருத்துவரிடம் போவதற்கு நேரம் கிடைக்கும்போது வலி பாதியாகிவிடுகிறது. “இப்ப பரவாயில்ல” என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் சொன்ன அந்தத் தெருக்காரியும் அளத்துக்குப் போனவள்தான். அவளுக்குக் காய்ச்சலும் வந்திருந்ததால், விடாத வலியையும் காய்ச்சல் வலியாகவே எல்லோரும் பேசினார்கள். “பொறுத்தா போயிரும்” என்று ஊரே அவளுக்குச் சொன்னது.

முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல வாய் வராது. உடம்பிலேயே பெரிய மூட்டு முழங்கால். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனையிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. சுற்றிலும் ஒரு பை. அந்தப் பையின் உட்சவ்வு மிக மெல்லியது, எண்ணெய்போல் கொஞ்சம் நீரைச் சுரந்து மூட்டை நனைத்துக்கொண்டிருக்கும். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல், முடக்குவாதத்தில் இந்தச் சவ்வையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது, நீர் அளவுக்கு மேல் சுரக்கிறது, முழங்கால் சில்லுக்கு மேலே பை கட்டினாற்போல் உப்புகிறது. பிறகு அந்தத் தடித்த சவ்வு, கரையில் கட்டிப்போட்ட தோணியின் அடிப்பலகையில் சிப்பி ஏறுவதுபோல், ஓரத்திலிருந்து குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. அடுத்து எலும்பு. தேய்மானத்தில் பெரும்பாலும் மூட்டின் உட்பக்கம்தான் முதலில் குறையும். இதில் இரண்டு பக்கமும் ஒருசேரப் போகும். போன குருத்தெலும்பு எந்த மருந்துக்கும் திரும்பி வராது.

அந்த அரிப்பு தொடங்க நெடுங்காலம் ஆவதில்லை. பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடுகிறது. ஆகவேதான் நோய் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று மூட்டு மருத்துவர்கள் மன்றாடுகிறார்கள். நாம் பெருமையாக நினைக்கும் பொறுமை சரியாக அந்த மாதங்களைத்தான் தின்றுவிடுகிறது.

பரிசோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, “நெகட்டிவ், உனக்கு வாதம் இல்லை” என்று யாரேனும் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இன்னும் குறிப்பானது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உள்ளே எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று காட்டும். யூரிக் அமிலம் கூடினால் வருவது வேறு நோய். கடைசியில் காகிதத்தைவிட, மூட்டைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் கைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இனி மருந்து. இதில் நம் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் சொல் கேட்டுக் கதராடை உடுத்தி வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்து, பிறகு லெடர்லே மருந்து ஆய்வகத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் குழுதான் 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதன் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் அதே குழுதான் உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த மருந்துகளில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட். இன்று உலகம் முழுவதும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து அது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதை முறையாக அங்கீகரித்தது 1988-ல். என் மருந்துப் பெட்டியில் மெத்தோட்ரெக்சேட்டும் இருக்கிறது, அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. இரண்டும் அந்த ஒரு மனிதரின் குழு தந்தவை. நான் வகுப்பில் நியூட்டனைச் சொன்னேன், ராமனைச் சொன்னேன். நம் பாடநூல்களில் சுப்பாராவுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

அவர் இறந்தது 1948 ஆகஸ்டில். அதற்கு அடுத்த மாதம், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த அதிசயத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முகம் வட்டமாக உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தோல் காகிதமாகும், கிருமித் தொற்று எளிதில் பற்றும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு என்ற அந்த வகை மருந்து இன்றும் பயன்படுகிறது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு பிடிமானமாக.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருக்காரிக்கு இரண்டு வருடம் கைகொடுத்ததாக அவள் நம்பியது ஒரு பொட்டலப் பொடி. எங்கோ ஒருவர் தாளில் மடித்துக் கொடுப்பார், பெயர் இருக்காது, மறுநாளே வலி பறந்துவிடும். “மருந்துன்னா இது மருந்து” என்பாள். முகம் உப்பியதைப் பார்த்து ‘சதை போட்டிருக்கு’ என்று சந்தோஷப்பட்டார்கள். வலி அடங்கிக் கிடக்க, குருத்தெலும்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பெயர் எழுதாத எந்தப் பொடியையும், ஒரே நாளில் வலியை அடியோடு எடுக்கும் எந்த மாத்திரையையும் நம்பாதீர்கள். மூட்டு நோயில் அவ்வளவு வேகம் ஸ்டீராய்டுக்குத்தான் உண்டு.

மெத்தோட்ரெக்சேட் வேகமானதல்ல. ஆறு வாரம் ஆகும், பன்னிரண்டு வாரமும் ஆகும். அதுவரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமை வேண்டியது இங்கேதான். மருத்துவரிடம் போகும்வரை பொறுக்கக் கூடாது, மருந்து தொடங்கிய பிறகு பொறுக்க வேண்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நோயோடு இரண்டு வருடம் பொறுத்தவர்கள், மருந்தோடு இரண்டு வாரம் பொறுக்காமல் வேறு மருத்துவர், வேறு வைத்தியம் என்று அலைகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்து, “ஆச்சி, இது கேன்சர் மருந்து” என்று சொல்லிவிட்டான் என்று நிறுத்தியவர்களும் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, மூட்டுக்குக் கொடுக்கும் சிறு அளவு வேறு.

ஆனால் இந்த மாத்திரையில் ஒரு பெரிய அபாயம் உண்டு, அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை அடங்கி, வாய் வெந்து, ரத்த அணுக்கள் குறைந்து, உயிர் போகும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தினமும் மாத்திரை விழுங்கும் வீடுகளில் இந்தத் தவறு எளிதாக நேர்ந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் என்றால் கேட்கவே வேண்டாம். நான் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டேன், பூசைக்குப் போகும் நாள் மறக்காது. அட்டையின் மேலேயே கொட்டை எழுத்தில் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில், மருத்துவர் சொன்னபடி. ரத்த அணுக்களையும் ஈரலையும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும். சாராயம், பிராந்தி அறவே கூடாது. கர்ப்பத்துக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுவின், சல்ஃபாசலசின் என்று மற்றவையும் இருக்கின்றன. முதலாவதைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவை எதற்கும் அடங்காவிட்டால் விலை கூடிய ஊசிகள் உண்டு, அவற்றைப் போடும் முன் உள்ளே காசநோய் உறங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதி முழங்காலுக்கு நாம் செய்ய வேண்டியது. வீங்கிய முட்டு மடக்கி வைத்தால்தான் சுகமாக இருக்கும். அதனால் இரவில் முட்டுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வோம். என் கட்டிலிலும் ஒன்று இருந்தது. அந்த இளம் மருத்துவர் முதல் நாளே அதை எடுத்துவிடச் சொன்னார். மடக்கியே வைத்த முழங்கால் சில மாதங்களில் மடங்கியபடியே பிடித்துக்கொள்ளும், பிறகு நேராகாது. எங்கள் தெருக்காரியின் கால் இன்று அப்படித்தான் இருக்கிறது. அவளைக் கட்டிலில் போட்டதில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தலையணைக்கும் அவ்வளவு பங்கு என்பேன்.

அடுத்தது தொடைத் தசை. முழங்கால் வீங்கியதும் தொடையின் முன்பக்கத் தசை வாரக்கணக்கிலேயே சூம்பத் தொடங்கும். மூட்டைத் தாங்குவதே அதுதான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டால் துண்டைக் கீழே அழுத்தி மெதுவாக ஐந்து எண்ணி விடுவது, பிறகு துண்டை எடுத்துவிட்டு மல்லாந்து படுத்து, காலை நேராக ஒரு சாண் தூக்கி இறக்குவது. கட்டிலை விட்டு இறங்காமலேயே காலையில் செய்துவிடலாம். முட்டு கொதிக்கும் நாட்களில் குறைத்துக்கொள்ள வேண்டும், அடியோடு விடக் கூடாது. சூடாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், வீக்கமில்லாமல் விறைப்பு மட்டும் என்றால் வெந்நீர் ஒத்தடம். எண்ணெயைச் சூடாக்கித் தடவுவதில் தீங்கில்லை, ஆனால் வீங்கிய மூட்டைப் பலமாக உருவி நெட்டி முறிக்க யாரையும் விடாதீர்கள். கைத்தடி பிடிப்பதாக இருந்தால், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு சாய்ந்து நடக்கிறார்கள்.

வீட்டில் உயரமான நாற்காலி, மேற்கத்தியக் கழிப்பறை அல்லது இந்தியக் கழிப்பறையின்மேல் வைக்கும் ஸ்டூல், தரையில் உட்காராமல் அரிவதற்கு ஒரு மேசை. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. கோவிலில் முழங்காலிடுவதைப் பற்றி எங்கள் மக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழங்காலிட முடியாதவர் உட்கார்ந்தபடி ஜெபிக்கத் திருச்சபை தடை சொல்லவில்லை. வீங்கிய முட்டைத் தரையில் ஊன்றி மாதாவுக்கு வேண்டுதல் நிறைவேற்றிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் முருக பக்தர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேண்டுதலை வேறு வழியில் நிறைவேற்றுங்கள். அந்த முட்டு இன்னும் முப்பது வருடம் உங்களைச் சுமக்க வேண்டும்.

மூட்டில் கட்டிய நீரை ஊசியால் எடுப்பதற்குப் பயப்படுகிறார்கள், “எடுத்தா திரும்பத் திரும்ப ஊறும்” என்று. ஊறுவது சவ்வின் அழற்சியால், ஊசியால் அல்ல. எடுத்த நீரைச் சோதிப்பதால் கிருமி இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். முட்டுக்குப் பின்னால் நீர் பை கட்டுவதும் உண்டு. அது உடைந்தால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிக்கும். ரத்தக்குழாயில் கட்டி அடைத்தாலும் அதே மாதிரி இருக்கும் என்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு முட்டு மட்டும் திடீரென்று நெருப்பாய்க் கொதித்துக் குளிர்காய்ச்சலும் வந்தால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் மூட்டை அழித்துவிடும், வழக்கமான வாதம் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. அதேபோல், கம்ப்ரெசர் காற்றில் ஆழம் போய்ச் சங்கு எடுத்து மேலே வந்த ஆளுக்கு அன்றைக்கே தோளிலோ முட்டிலோ கடும் வலி வந்தால் அதுவும் வாதமல்ல. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியது அது. உடனே ஆக்சிஜன் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முடக்கத்தான் கீரைத் தோசை எனக்கும் பிடிக்கும், சுடுகிறேன், சாப்பிடுகிறேன். அது உணவு. மருந்துக்குப் பதிலாக அதை வைத்தால் முட்டு போய்விடும். சாளை மீனில் இருக்கும் எண்ணெய் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும். ஏழைகளின் மீன், எங்கள் கரையில் தாராளமாகக் கிடைக்கும், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். கத்தரிக்காய், புளி, தக்காளி என்று ஒவ்வொன்றாக விலக்கி உடம்பை வாட்ட வேண்டாம். விலக்க வேண்டியது பீடியும் சிகரெட்டும்தான். புகை இந்த நோயை வரவழைக்கிறது, வந்ததைக் கடுமையாக்குகிறது, மருந்தின் பலனையும் குறைக்கிறது. எடை கூடினால் ஒவ்வொரு படியிலும் அந்தப் பாரம் பலமடங்காக முட்டில்தான் இறங்கும்.

அசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த நோயில் வலியைவிட ஆளை அடித்துப்போடுவது அதுதான். தூங்கி எழுந்தும் தீராத சோர்வு. வெளியே தெரியும் புண் இல்லை, கட்டு இல்லை. அதனால் வீட்டில் மாமியாரும் மைனியும் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் இந்த நோய் பலருக்கு அடங்கியிருக்கும், பிள்ளை பெற்ற சில மாதங்களில் சீறிக்கொண்டு வரும். கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் அழும் அந்தப் பெண்ணிடம், “பிள்ள பெத்த உடம்புன்னா அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக மகளின் மாத்திரையை ஒளித்து வைக்கும் தாய்மாருக்கும் அதையேதான் சொல்வேன். மாத்திரை சாப்பிட்டு நடமாடும் பெண், சாப்பிடாமல் முடங்கிய பெண், இருவரில் யார் குடும்பம் நடத்த முடியும் என்று யோசியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் மூட்டு வாதம் வரும், அதில் அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால்தான். காலைக் கூட்டத்தில் நொண்டி நொண்டி வரும் பிள்ளை, மதியம் விளையாட்டில் ஓடும். பள்ளிக்கு வர மனமில்லாமல் நடிக்கிறது என்று நினைத்துவிடுவோம். வலி இருக்கிறது என்றுகூட அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வந்து, சிவக்காமல் வலிக்காமல் பார்வையைக் குறைக்கும். அதனால் கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

காலம் கடந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. முழங்கால் மாற்று அறுவையை இப்போது அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த நோய் கழுத்தெலும்பையும் தளர்த்தியிருக்கக் கூடும் என்பதால், மயக்கம் கொடுக்கும் முன் கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதைத் தட்ட வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. எங்கள் தெருக்காரிக்கு அந்தத் திட்டத்துப் பெண்கள்தான் வந்து கை விரல்களை மீட்டுக் கொடுத்தார்கள். இப்போது தானே தம்ளரைப் பிடித்துக் காப்பி குடிக்கிறாள்.

உங்கள் வீட்டில், அல்லது உங்களோடு அளத்திலும் சந்தையிலும் வேலை செய்கிறவர்களில், காலையில் ஒரு மணி நேரமாவது கை கால் வழங்காமல் தவிக்கும் ஒருவர் இருக்கலாம். அது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி 2000-லேயே வந்துவிட்டது. அதன் மருத்துவமனையில் காலையில் சீட்டு வாங்கினால் போதும், காசு கேட்க மாட்டார்கள். விறைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள்.